சூடாக்கக் கூடாத மருந்து

செம்மறிக்கு வலித்தால் கத்தாது. பல்லை நறநறவென்று கடிக்கும். மேல்மலைக்கு வேலைக்கு வந்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது. அதற்கு முன்பு வத்தலக்குண்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ஊசி குத்திக்கொண்டிருந்தேன். அங்கே மனிதர்கள் ஊசியைக் கண்ணில் பார்த்ததுமே கத்துவார்கள். கத்தினால் நல்லது, எங்கே வலிக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆடு சொல்லாது. அதன் தாடையைப் பார்க்க வேண்டும்.

கொடைக்கானல் டவுனைத் தாண்டி, கேரட்டும் பூண்டும் போடுகிற சரிவில், ஒரு மருந்துக் கம்பெனி பழைய எஸ்டேட் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து இருபது சொச்சம் பெட்டை ஆடுகளை வைத்திருந்தது. பெண்களுக்கு வருகிற பூஞ்சைத் தொற்றுக்கு ஒரு புது மருந்து. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, உள்ளே விடுகிற ஜெல். ஆட்டின் யோனியும் பெண்ணின் யோனியும் அளவில், தோலில் கொஞ்சம் ஒத்துப்போகும் என்பதால் முதலில் ஆட்டுக்கு விட்டுப் பார்க்கிறார்கள். யோனி என்று நான் எழுதுகிறேன். கொட்டகையில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. ஆம்பளைகள் 'பின்னாடி' என்பார்கள். டாக்டர் இங்கிலீஷில் சொல்லுவார்.

அந்த ஜெல்லுக்கு ஒரு குணம். குளிர்ச்சியாக இருக்கும்வரை தண்ணீராக ஓடும். உடம்புச் சூடு பட்டதும் நுங்கு மாதிரிக் கட்டிவிடும். உள்ளே போய்க் கட்டினால்தான் வழிந்து வெளியே வராமல் ஒட்டிக்கொண்டு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அதனால் குளிர்ந்தபடியே ஊசிக்குழாயில் எடுத்து, அதன் நுனியில் நீளமான மெல்லிய பிளாஸ்டிக் குழாயை மாட்டி, வாலைத் தூக்கி, மெதுவாக உள்ளே விட்டு, நிதானமாக அழுத்த வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலையில். அது என் வேலை. எனக்கு மட்டும் கற்றுக்கொடுத்த வேலை.

நான் எதற்கு இந்த மலைக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் புருசன் அடிப்பான். குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டால் குடிக்கவில்லையே என்று அடிப்பான். ஒரு தடவை ஆட்டுக்கல் குழவியால் என் முழங்காலில் போட்டான். கம்பெனி எனக்குக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தது. தகரக் கூரை, ஒழுகும், விடிகிற நேரத்தில் உள்ளேயே மூச்சு புகையும். ஆனால் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. வேலை போனால் அறை போகும். அறை போனால் வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவன் வீட்டுக்கு நடக்கிற தூரம்தான்.

ஆடுகளைப் பார்த்துக்கொண்டவர் பழனிக்குக் கீழே ஏதோ ஓர் ஊர்க்காரர். பட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். ஐம்பது வயது இருக்கும். அவருடைய மனைவியும் மைத்துனனும் கூட இருந்தார்கள். மனைவி கூட்டிப் பெருக்குவது, குப்பையைக் குழியில் போட்டு எரிப்பது. மைத்துனன் தழை வெட்டுவது, ஆட்டைப் பிடித்து நிறுத்துவது. பட்டிக்காரர் ஆட்டில் கெட்டிக்காரர், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

வந்த முதல் வாரமே அவர் என்னிடம் சொன்னார்.

"ஏத்தா, ஒண்ணு மட்டும் சொல்லிப்புடுறேன். வீட்டுக்குத் தூரமா இருந்தீன்னா பட்டிக்குள்ள காலெடுத்து வைக்காத. ஆடு செனை கலைஞ்சு போகும். காட்டு நாய் வாசம் புடிச்சு வந்துரும்."

"அண்ணே, இங்க எந்த ஆடு செனையா இருக்கு? செனை புடிக்காமத்தான வச்சிருக்காக."

"வாய் பேசாத. சொன்னதைச் செய்யி."

"நான் போடுற மருந்தே பொம்பளைக்குத்தாண்ணே. அது தீட்டுன்னா இந்தக் கம்பெனியே தீட்டு."

"கம்பெனி எப்பிடியோ போகட்டும். பட்டி எம்பட்டி."

அந்த மாதம் எனக்கு வந்தது. நான் உள்ளே போனேன், மருந்து போட்டேன், அவர் கேட்டார், ஆமாம் என்றேன். பொய் சொல்ல எனக்கு என்ன வந்தது? இரண்டு நாள் கழித்து, பட்டப்பகலில், சவுக்குத் தோப்பு ஓரத்தில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள்மேல் செந்நாய்கள் விழுந்தன. செந்நாய் கழுத்தைக் கடித்துக் கொல்லாது. ஓடுகிற ஆட்டின் பின்பக்கத்தைக் கிழிக்கும். குடல் வெளியே வந்த பிறகும் ஆடு நின்றுகொண்டே இருக்கும். நாங்கள் தகர டின்னைத் தட்டிக்கொண்டு ஓடிப் போனபோது ஒரு ஆடு அப்படித்தான் நின்றது. முன்னங்கால் இரண்டும் ஊன்றி, பின்பக்கம் என்று ஒன்றே இல்லாமல், எங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. பட்டிக்காரர் அரிவாளால் அதன் கழுத்தில் ஒரே போடு போட்டார். பிறகு அந்த ஈரக் கையோடு என் கொண்டையைப் பிடித்து இழுத்துப்போய் ஆட்டுக்கு மேலே என் முகத்தை அமுக்கினார்.

"பாரு. நல்லாப் பாரு. இது ஓன் சோலி."

நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன். தோல் பிய்கிறவரை விடவில்லை. மைத்துனன்தான் எங்களைப் பிரித்துவிட்டான். செந்நாய் இந்த மலையில் வருசம் முழுக்கச் சுற்றுகிறது. போன வருசம் பக்கத்துத் தோட்டத்தில் கன்றுக்குட்டியை அடித்ததே, அப்போது யார் தீட்டு என்று கேட்டேன்.

அடுத்த மாதம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. குப்பைக் குழியில் எரிப்பது அவர் மனைவி. என் அறைக் குப்பையை அவள் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு நேராகப் போய்ப் புருசனிடம் சொல்லிவிட்டாள். காலையில் நான் போனபோது பட்டிக் கதவில் சங்கிலி போட்டு உள்ளேயிருந்து பூட்டியிருந்தது. மருந்துப் பெட்டியும் உள்ளே போயிருந்தது. மார்கழி முடிகிற சமயம், புல் மேலெல்லாம் வெள்ளையாக உறைபனி. அந்தக் குளிரில் மருந்துக்கு ஐஸ் தேவையில்லை என்று நான்தான் பெட்டியை ராத்திரி கொட்டகை வராந்தாவில் வைத்துவிடுவேன். அவர்கள் எடுத்துக்கொண்டு போக வசதியாகிவிட்டது.

பலகைச் சந்து வழியாகப் பார்த்தேன். உள்ளே மூன்று கல் வைத்து நெருப்பு மூட்டியிருந்தார்கள். பட்டிக்காரர் மருந்து நிறைத்த ஊசிக்குழாய்களை அனலில் காட்டித் திருப்பித் திருப்பிச் சூடாக்கிக்கொண்டிருந்தார். குட்டி போடுகிற ஆட்டுக்குக் கையை விடுவதற்கு முன் எண்ணெயை வெதுவெதுப்பாக்கித் தடவிக்கொள்வார்கள். அந்தப் பழக்கம். பனிக்கட்டி மாதிரி ஒன்றை ஆட்டுக்குள்ளே விட அவருக்கு மனசு வரவில்லை.

"அண்ணே, சூடாக்காதீக! கட்டிப்போயிரும்! குழாய்க்குள்ளயே கட்டிப்போயிரும்!"

"தள்ளி நில்லு. ஓம்மூச்சு கூட உள்ள வரக் கூடாது."

கட்டித்தான் போனது. மெல்லிய குழாய் வழியாக அது இறங்குமா? பெருவிரலால் அழுத்தினார், இறங்கவில்லை. உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பிறகு ஊசிக்குழாயின் அடியைத் தன் நெஞ்சில் முட்டுக்கொடுத்து உடம்பையே சாய்த்துத் தள்ளினார். மருந்து நகரவில்லை, குழாய்தான் முழுசாக உள்ளே போனது. மைத்துனன் ஆட்டின் தலையைத் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டிருந்தான். வெளியே நின்ற எனக்கு அந்தப் பல் கடிக்கிற சத்தம் கேட்டது. அதை முடித்துவிட்டு அடுத்த ஆட்டைப் பிடித்தார்கள். வால் கம்பளியெல்லாம் சிவப்பு. நான் பலகையை உதைத்தேன், கல்லை எடுத்து எறிந்தேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். எல்லா ஆட்டையும் முடித்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள்.

டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் டவுனிலிருந்து ஜீப்பில் வருவார். கால்நடை மருத்துவம் படித்த பெண், நாற்பது வயதுக்குள். அந்த வாரம் வந்ததும் ஆட்டின் உள்ளே விரித்துப் பார்க்கும் கருவியும் டார்ச்சுமாக உட்கார்ந்தார். முதல் ஆட்டைப் பார்த்தார், எழுந்தார், கையுறையைக் கழற்றித் தரையில் எறிந்தார்.

"வாட் இஸ் திஸ்? உள்ளே ஃபுல்லாக் கிழிஞ்சிருக்கு. இது ஜெல் பண்ணின வேலை இல்ல, கை பண்ணின வேலை. யார் கை? உன் கைதானே?"

"என் கை இல்ல மேடம்."

"உன்னைத் தவிர யார் போடுவா?"

பட்டிக்காரர் மறைக்கவில்லை. "நாந்தாங்க போட்டேன். இவ தூரமா இருந்தா. குளுந்து கெடந்துச்சுங்க மருந்து, ஆடு வெறைச்சுப் போகுமேன்னு காச்சித்தாங்க போட்டேன்."

டாக்டர் நெற்றியில் அறைந்துகொண்டார். சூடு பட்டால் கட்டும் என்று அவருக்குச் சொன்னார். நெருப்பில் காட்டவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார். பட்டிக்காரர் தலையாட்டினார். இனி இந்த அம்மாவை உள்ளே விடுங்கள் என்று டாக்டர் சொல்லுவார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை. என்னை ஜீப்புக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"லுக். இவங்க போயிட்டா இந்தக் குளிர்ல ஆடு மேய்க்க எனக்கு ஆள் கிடைக்காது. அவங்க சென்டிமெண்டை ஏன் கிளறணும்? அந்த நாள்ல நீ வெளியே இரு. குளிர்ந்ததாப் போடச் சொல்லிட்டேன், போடுவாரு."

"அவருக்குக் கை பழகலையே மேடம். கிழிச்சா?"

"கிழியாமப் பாத்துக்கறது உன் வேலை. மருந்து போடற பொறுப்பு உன்னோடது. இன்னொரு தடவை இப்படி ஒரு ஆட்டைப் பார்த்தேன்னா இந்த ஸ்டடியை மூடிருவேன், ஆட்டையெல்லாம் அறுத்துருவேன், நீயும் கீழே போகலாம்."

படித்த பொம்பளை. கையில் வைத்திருந்தது பெண்ணுக்கான மருந்து. கதவுக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம் நான். அந்த இடத்திலேயே அவரைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. உள்தாழ்ப்பாள் போட்ட அறை எனக்கு வேண்டியிருந்தது.

கிழிந்த ஆடுகள் ஆற இருபது நாள் ஓய்வு கொடுத்தார்கள். இரண்டு ஆடு ஆறவில்லை, சீழ் வைத்துச் செத்தன. மற்றவற்றுக்கு மறுபடி ஆரம்பித்தோம். வாலைத் தூக்கினாலே நடுங்கின. நான் ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்து, பேசிக்கொண்டே, குழாயில் களிம்பு தடவிப் போட்டேன். அந்த வாரம் டாக்டர் பார்த்து ஓகே என்றார்.

பிறகு எனக்கு நாள் வந்தது.

இந்தத் தடவை குப்பையைக் குழியில் போடவே இல்லை, துணிப்பைக்குள் கட்டி அறையிலேயே வைத்திருந்தேன். அவர் மனைவி நான் அறையில் இல்லாத நேரம் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அந்தப் பையை இழுத்துப் பார்த்திருக்கிறாள். காலையில் வெள்ளனே எழுந்து பட்டிக்குப் போனேன். பட்டிக்காரர் வராந்தாவில் மருந்துப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தார். மைத்துனன் பக்கத்தில்.

"அண்ணே, நானே போட்டுர்றேன். ஒரு வார்த்தை பேசாமப் போயிர்றேன்."

"போத்தா அங்கிட்டு. டாக்டரம்மாவே சொல்லிட்டாக."

"சூடாக்க மாட்டீகல்ல?"

"நெருப்பே மூட்டலையே, கண்ணு தெரியலையா?"

உண்மைதான், நெருப்பு இல்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊசிக்குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, கம்பளியை விலக்கி, தன் வயிற்றோடு ஒட்டி வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். எல்லாவற்றையும். மேலே கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பச்சைக் குட்டியை மடியில் வைத்துக் கதகதப்பாக்குகிற மாதிரி. நெருப்பில் காட்டாதே என்றார்கள், அவர் காட்டவில்லை. எந்தச் சூட்டில் கட்ட வேண்டும் என்று அந்த மருந்தைச் செய்தார்களோ அந்தச் சூடு மனுசன் வயிறு. அதை அவரிடம் டாக்டர் சொல்லவே இல்லை.

"அண்ணே, வகுத்துச் சூடே போதும், கட்டிப்போயிரும்! எடுங்க வெளிய!"

"இவ ஒருத்தி. நெருப்பும் வேணாம், வகுறும் வேணாம். அப்ப ஆடு சாகட்டுமா? ஏலே, கதவைச் சாத்துடா."

மைத்துனன் சிரித்தான். "இந்த அக்காவுக்கு மாமன் வகுத்துமேல கண்ணு" என்றான்.

கதவு சாத்திச் சங்கிலி விழுந்தது. கொட்டகைக்குப் பின்னால் பலகை மூன்று இற்றுப்போயிருந்தன, எனக்குத் தெரியும். சுற்றிக்கொண்டு ஓடி, தோளால் இடித்தேன். இரண்டாவது இடியில் பலகை உள்ளே விழுந்தது, அதோடு நானும் சாணத்தில் விழுந்தேன். ஆடுகள் மிரண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறி எதிர்ச் சுவரில் போய் அடைந்தன. பட்டிக்காரர் ஒரு ஆட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு குழாயை வைத்த நிலையில் இருந்தார். நெஞ்சில் முட்டுக்கொடுக்கத் தயாராகக் குனிந்திருந்தார்.

கையில் அகப்பட்டது கதவுக்குக் குறுக்கே போடுகிற யூகலிப்டஸ் கட்டை. எடுத்தேன், அவர் கையில் போட்டேன். குறி பார்த்துத்தான் போட்டேன், குழாய் பிடித்திருந்த கையில். விறகு முறிகிற சத்தம். அவர் கத்தினார். மைத்துனன் என் வாயில் குத்தினான். முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. துப்பிவிட்டு அவன் முழங்காலில் ஒன்று போட்டேன். குழவி பட்ட முழங்கால் எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் சுருண்டு விழுந்தான். வெளியே அவர் மனைவி, "கொல்றாளே, தேவடியா கொல்றாளே" என்று கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். பட்டிக்காரர் இடது கையால் என் கழுத்தைப் பிடித்தார். ஒடிந்த கையை எட்டிப் பிடித்து முறுக்கினேன். விட்டுவிட்டார். மண்டியிட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தார்.

அவர் மடியிலிருந்து ஊசிக்குழாய்களை உருவி எடுத்தேன். அத்தனையும் கட்டியிருந்தது. பலகை விழுந்த ஓட்டை வழியாக வெளியே உறைபனிப் புல்மேல் போட்டேன். மருந்து தண்ணீராகிறவரை கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் முனகினார், மைத்துனன் மூச்சு வாங்கினான். நெரிசலில் ஒரு ஆட்டின்மேல் மற்றவை ஏறி மிதித்து, அது நாக்கைத் தள்ளிச் செத்துக் கிடந்தது. மருந்து இளகியதும் ஒவ்வோர் ஆடாகப் பிடித்துச் சுவரோடு முழங்காலால் நெருக்கி நிறுத்தி, தனியாகப் போட்டேன். என் வாயிலிருந்து ரத்தம் அதுகளின் முதுகில் சொட்டியது. எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் சங்கிலியைத் திறந்தேன். டாக்டருக்கு போன் போட்டேன்.

டாக்டர் வந்து எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முதலில் ஆடுகளைப் பார்த்தார், டார்ச்சை வைத்து, ஒன்று விடாமல். பட்டிக்காரர் வராந்தாவில் கையைத் துண்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி ஆட்டையும் பார்த்துவிட்டு, "கிளீன்" என்றார் டாக்டர். பிறகுதான் என் வாயைப் பார்த்தார்.

"பைத்தியமா நீ?"

"என்னைக் கீழ அனுப்புறீகளா மேடம்?"

கையுறையைக் கழற்றினார். "இரு" என்றார்.

போலீஸ் வேண்டாம், கம்பெனி பேர் அடிபடும் என்று அவரே எல்லாரிடமும் பேசினார். ஆஸ்பத்திரியில் கிடா முட்டிவிட்டது என்று சொல்லிக் கட்டுப்போட்டார்கள். அந்தப் பட்டியில் கிடாவே கிடையாது. ஒடிந்த கையோடு ஆடு பிடிக்க முடியாது என்று பட்டிக்காரர் குடும்பம் மறுநாள் மூட்டை கட்டியது. பஸ் வருகிற திருப்பத்தில் அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டு மூட்டையை இறக்கி வைத்தாள்.

"ஓன் மூணு நாளு ரத்தத்துக்கு எம்புருசன் கையாடி கேட்டுச்சு? இனி அந்த ஆளு எதைத் தூக்குவாரு?"

"ஜன்னல்ல கைய விட்டியே, அந்தக் கையால நீ தூக்கு."

அவள் என்மேல் துப்பினாள். நானும் துப்பினேன். பஸ் வந்தது. பட்டிக்காரர் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கெட்ட மனுசர் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கை ஒடிந்ததற்கு எனக்கு வருத்தமும் இல்லை. குழாய் உள்ளே போயிருந்தால் நான் அந்த பஸ்ஸில் ஏறியிருப்பேன்.

இப்போது பட்டியும் என்னுடையதுதான். எந்த நாளும் உள்ளே போகிறேன், யாரும் கேட்பதில்லை. தழை வெட்டுவதற்கு டாக்டர் ஒரு ஆளை அனுப்பினார், ஊமை மாதிரி வேலையைச் செய்துவிட்டுப் போகிறான். ஆடுகள்தான் பழையபடி இல்லை. முன்பு நான் வாலைத் தூக்கினால் நின்றுகொண்டிருந்தவை, இப்போது என் நிழல் கதவில் விழுந்தாலே எதிர்ச் சுவருக்கு ஓடி ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. ஆட்டுக்கு முகம் மறக்காது. பேசிக்கொண்டே போய்ப் பார்த்தேன், கையில் உப்பு வைத்துப் பார்த்தேன், கிட்டே வரவில்லை. அதனால் பேசுவதை விட்டுவிட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்துகிறேன், மூலையில் ஒடுக்குகிறேன், பின்னங்காலைப் பிடித்து இழுக்கிறேன். சுவரோடு முழங்காலை வைத்து நெருக்கினால் நிற்கும். நின்றதும் மருந்தைப் போடுகிறேன், மெதுவாக, குளிர்ந்தபடியே. பல்லைக் கடிக்கிறது. உள்ளே ஒரு கீறல் இல்லை, ஆனாலும் கடிக்கிறது.